சின்னத் தோட்டத்துக்கு எந்த ஹாதோர்ன்?

லண்டனில் ஹாரோ பக்கம் 1930-களில் கட்டிய வீடு, பின்புறத் தோட்டம் 7 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். மே மாதம் பக்கத்துத் தெருவில் செக்கச்செவேலென்று பூத்து நின்ற மரத்தைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. அது ஹாதோர்ன் என்ற முள் மரம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை வைக்கலாமா, எப்படிப் பார்த்துக்கொள்வது, சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் முள் மரம் சரிப்படுமா, வீட்டில் முள் மரம் ஆகாது என்று சொல்லும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, பழம் இதயத்துக்கு நல்லதாமே என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: தெருவில் பார்த்த அதே மரம் என் தோட்டத்துக்குப் பொருந்துமா? ஹாதோர்ன் பொருந்தும், அந்த மரம் வேண்டாம் என்பது என் பதில். தோட்டக்கலை படித்துவிட்டு, தெற்கு இங்கிலாந்தில் முதலில் நாற்றுப்பண்ணையிலும் பிறகு வீட்டுத் தோட்டங்களிலும் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் பார்த்தது அநேகமாகப் 'பால்ஸ் ஸ்கார்லட்' என்ற ரகம். இங்கிலாந்துத் தெருக்களில் சிவப்பாகப் பூக்கும் ஹாதோர்ன்களில் பெரும்பாலானவை அதுதான். 1858-இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு தோட்டத்தில், இளஞ்சிவப்பில் அடுக்குப் பூப் பூக்கும் ஹாதோர்ன் ஒன்றின் ஒரே ஒரு கிளை மட்டும் அடர்சிவப்பில் பூத்தது. வில்லியம் பால் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் அதை ஒட்டுக் கட்டிப் பெருக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு விற்கும் ஒவ்வொரு 'பால்ஸ் ஸ்கார்லட்' மரமும் அந்த ஒரு கிளையின் வழிவந்தது. புகை, காற்று, களிமண், சுண்ணாம்பு மண் எதற்கும் அசராது என்பதால் நகராட்சிகள் தெருத்தெருவாக வைத்தன. மே மாதம் இரண்டு மூன்று வாரம் அதற்கு இணையாக எதையும் சொல்ல முடியாது. குறை என்னவென்றால், பூ அடுக்குப் பூ. அருகே போய் ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள்: சின்னக் காகித ரோஜா போல இதழுக்குள் இதழாக இருக்கும், மகரந்தத் தாள் தேடினால்தான் கிடைக்கும். தேனீக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. பழமும் பெயருக்குத்தான் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய குறை இலைப்புள்ளி நோய். ஈரமான வசந்தம் வாய்த்த ஆண்டில் ஜூன் மாதமே இலையில் செம்பழுப்புப் பொட்டுகள் விழும். பிறகு இலை மஞ்சளாகி, ஆகஸ்டுக்குள் பாதி மரம் மொட்டையாகிவிடும். மரம் சாகாது, அடுத்த ஆண்டும் பூக்கும். தெருவில் நாற்பது மரத்தில் ஒன்று அப்படி நின்றால் யாருக்கும் உறுத்தாது. நீங்கள் கோடையில் நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் இருப்பதே ஒரு மரம்தான் என்றால் உறுத்தும். சின்னத் தோட்டத்தில் மரம் மூன்று வாரத்துக்கு மட்டும் அழகாக இருந்தால் போதாது, மீதி மாதங்களுக்கும் அது ஏதாவது தர வேண்டும்.

சிவப்புதான் வேண்டும் என்றால் 'கிரிம்சன் கிளவுட்' கேளுங்கள். இதுவும் அதே கிரட்டேகஸ் லேவிகாட்டா இனம்தான், ஆனால் ஒற்றைப் பூ. ஐந்து சிவப்பு இதழ், நடுவில் வெள்ளை வட்டம். இலைப்புள்ளி நோயை நன்றாகத் தாங்கும், தேனீ வரும், இலையுதிர்காலத்தில் சிவப்புப் பழம் கொத்துக்கொத்தாக நிற்கும். உயரம் 5, 6 மீட்டருக்குள் அடங்கிவிடும். சிவப்பு கட்டாயமில்லை என்றால் என் மனம் போவது 'கேரியேரி' என்ற ரகத்துக்கு. ஜூனில் வெள்ளைப் பூ, கரும்பச்சையில் பளபளக்கும் இலை. அந்த இலை டிசம்பர் வரைகூட நிற்பதுண்டு. இலை போன பிறகும் ஆரஞ்சுச் சிவப்பில் கோலிக்குண்டு அளவுப் பழங்கள் வெறும் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்கு முக்கியமானது, அதற்கு முள் மிகக் குறைவு. 'புரூனிஃபோலியா' என்ற ரகத்தை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். இலையுதிர்கால நிறத்தில் அதை மிஞ்ச ஹாதோர்னில் வேறில்லை என்பது உண்மைதான். ஆனால் முள் விரல் நீளத்துக்கு நிற்கும், குடையும் அகலமாக விரியும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள். கிராமப்புற வேலிகளில் பார்க்கும் சாதாரண வெள்ளை ஹாதோர்ன், அதாவது கிரட்டேகஸ் மோனோகைனா, பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் மற்ற எல்லாவற்றையும்விட நல்லது, விலையும் மலிவு. தனி மரமாக விட்டால் 8, 10 மீட்டர் போகும், முள்ளும் நிறைய. இடம் மிகக் குறுகல் என்றால் அதில் 'ஸ்ட்ரிக்டா' என்று நெட்டையாக வளரும் ரகம் ஒன்று உண்டு. இணையத்தில் தேடும்போது ஆண்டுக்கு இரண்டு முறை பூக்கும் கிளாஸ்டன்பரி ஹாதோர்ன் என்று ஒன்றும் கண்ணில் படும். கிறிஸ்துமஸுக்கு அதில் ஒரு கிளை அரண்மனைக்குப் போகும் வழக்கமெல்லாம் உண்டு. கதை பெரிது, குளிர்காலப் பூ கொஞ்சம்தான். அதற்காக வாங்காதீர்கள்.

முள் விஷயத்தை மழுப்ப விரும்பவில்லை. லேவிகாட்டா ரகங்களில் முள் மோனோகைனாவைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 1.8 மீட்டர் வரை கிளையில்லாத தண்டுடன் வளர்த்த மரத்தை வாங்கினால் முள்ளெல்லாம் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கும். உண்மையான ஆபத்து மரத்தில் இருக்கும் முள்ளைவிட வெட்டிப்போட்ட கிளையில் இருக்கும் முள்ளால்தான். புல்லில் கிடக்கும் காய்ந்த முள் வெறுங்காலில் ஏறும், சைக்கிள் டயரையும் துளைக்கும். வெட்டும் நாளில் கீழே பழைய விரிப்பு ஒன்றைப் போட்டு, வேலை முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடுங்கள். கையில் கனமான தோல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். முள் ஆழமாக ஏறி உள்ளே முறிந்துவிட்டாலோ, மூட்டுப் பக்கம் குத்தி வீக்கமும் வலியும் நாள்கணக்கில் தணியாமல் இருந்தாலோ, ஊசியால் நோண்டிக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள். மூட்டுக்குள் தங்கிய முள் துண்டு நீண்ட நாள் தொல்லை தரக்கூடியது.

அம்மாவிடம் வில்வத்தையும் எலுமிச்சையையும் நினைவூட்டிப் பாருங்கள். இரண்டிலும் முள் உண்டு, ஒன்று கோவிலில் நிற்கிறது, மற்றது வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. ஆகாது என்ற பேச்சு ஆங்கிலேயரிடமும் உண்டு. ஹாதோர்ன் மரம் வெளியே நிற்கலாம், பூவை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வந்தால் சாவு வரும் என்பார்கள். அதற்குப் பின்னால் காரணம் இருக்கக்கூடும். அந்தப் பூவில் டிரைமெத்திலமீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அழுகும் உடலிலும் உண்டாகும் பொருள் அது. ஈக்கள் அந்த வாசனைக்கு வந்து மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. வாசனைக்கும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு ஊகம்தான், வாசனை இருப்பது உறுதி. சிலருக்கு அது பாதாம் வாசம் போலத் தோன்றும், சிலருக்குக் குமட்டும். எனவே படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். வாங்குவதற்கு முன் மே மாதம் பூத்த மரம் ஒன்றின் அடியில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? லண்டனின் பெரும்பகுதி களிமண் மேல் நிற்கிறது. அந்தக் களிமண் கோடையில் காய்ந்தால் சுருங்கும், மழைக்காலத்தில் ஊறி உப்பும். மரம் தண்ணீரை உறிஞ்சும்போது சுருக்கம் கூடும், ஆழமில்லாத அஸ்திவாரம் அசையும், சுவரில் விரிசல் விழும். ஹாதோர்ன் சின்ன மரம்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் புதிய வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் என்.எச்.பி.சி. என்ற அமைப்பின் கட்டட விதிகளில் ஹாதோர்ன், ஓக், வில்லோ, பாப்லர் மரங்களோடு நீர்த்தேவை அதிகமுள்ள வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. முதிர்ந்த உயரத்தை 10 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதைப் போல ஒன்றேகால் மடங்கு தூரம் வரை அஸ்திவாரத்தைப் பாதிக்கக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள். அது 12.5 மீட்டர். உங்கள் தோட்டத்தின் நீளமே 12 மீட்டர். பயப்பட வேண்டாம். இது புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பதற்கான கணக்கு, மரம் நடத் தடை இல்லை. களிமண்மேல் வீட்டுக்கு அருகே ஹாதோர்ன் நின்றும் எந்தச் சிக்கலும் இல்லாத தோட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை, மண்ணையும் அஸ்திவாரத்தையும் பார்க்காமல் நானோ வேறு யாரோ உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்கனவே சுவரில் விரிசல் இருந்தால், அல்லது பக்கத்து வீட்டில் அஸ்திவாரம் இறங்கிய வரலாறு இருந்தால், கட்டட நிபுணர் ஒருவரைக் கேட்காமல் நட வேண்டாம். அப்படி எதுவும் இல்லை என்றால் தோட்டத்தின் கோடியில், வேலியிலிருந்து 2 மீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் நீளும் கிளையை எல்லைக் கோடு வரை வெட்டும் உரிமை அவருக்கு உண்டு. முள் கிளை என்றால் அவர் தயங்கவும் மாட்டார்.

மரம் வாங்க ஏற்ற காலம் நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அப்போது இலையுதிர்த்து உறங்கும் மரத்தை மண் இல்லாமல் வெறும் வேரோடு தோண்டி விற்பார்கள். தொட்டி மரத்தைவிட விலை குறைவு, வேரும் நன்றாகப் பிடிக்கும். ஹாதோர்ன் தாமதமாக வேர் பிடிக்கும் மரம் அல்ல, ஆனால் பெரிய மரமாக வாங்கினால் திணறும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு 8 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கும் மரம் போதும். 14 சென்டிமீட்டர் மரத்தை அதிக விலை கொடுத்து வாங்கியவர்களின் தோட்டத்தில், சின்னது சில ஆண்டுகளில் அதை எட்டிப்பிடிப்பதை அடிக்கடி பார்க்கலாம். தொட்டி மரம் வாங்குவதென்றால் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் உள்ளே வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் வேறு மரம் கேளுங்கள்.

குழி அகலமாக இருக்கட்டும், ஆழமாக வேண்டாம். வேர்க்கட்டியைப் போல மூன்று மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டுமே. களிமண்ணில் மண்வெட்டி வழவழப்பாக்கிய குழியின் பக்கச் சுவரைக் கடப்பாரையால் குத்தி உடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தொட்டி போலத் தண்ணீரைத் தேக்கும். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். புதிதாக நட்ட மரம் நோஞ்சானாக நிற்பதற்கு நான் காணும் முதல் காரணம் அந்த இடத்தைப் புதைத்துவிடுவதுதான். குழிக்குள் எரு, உரம் எதுவும் போட வேண்டாம், தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு மிதித்துவிடுங்கள். காற்றடிக்கும் பக்கம் ஒரு கழியை ஊன்றி, தண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் கழி வேண்டாம். கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்தால் அது தண்டை அறுத்துவிடும்.

பராமரிப்பு என்றால் உரமும் மருந்தும் என்று நினைக்கிறோம். இந்த மரத்துக்கு முதல் இரண்டு கோடையில் தண்ணீர்தான் பராமரிப்பு. மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத ஒவ்வொரு வாரமும் 20 லிட்டர், அதாவது பெரிய பூவாளியில் இரண்டு, வேர்ப் பகுதியில் மெதுவாக ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பது மண்ணின் மேல்தோலைத்தான் நனைக்கும். தண்டைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்துக்குப் புல் இல்லாமல் எடுத்துவிட்டு, மரச்சீவலோ மக்கிய இலையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். புல்வெளிக்குப் போடும் உரம் மரத்தடிக்குப் போக வேண்டாம், இலை தழைத்துப் பூ குறையும்.

கவாத்து செய்வதில்தான் பலர் ஹாதோர்னைக் கெடுக்கிறார்கள். வேலி மரமாகப் பல நூற்றாண்டுகள் வெட்டு வாங்கிப் பழகிய மரம் என்பதால் எப்படி வெட்டினாலும் துளிர்க்கும். அதனாலேயே ஆண்டுதோறும் குடையைப் பந்து போலச் சிரைத்துவிட்டு, பூக்கவில்லை என்று வருந்துவார்கள். பூ வருவது முந்தைய ஆண்டுகளில் வளர்ந்த கிளையில், அதன் கட்டைக் குருத்துகளில். வெளிநுனிகளையெல்லாம் ஒரே சீராக வெட்டினால் பூவையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். பிப்ரவரியில், பறவைகள் கூடு கட்டும் முன், காய்ந்தது, உரசுவது, உள்நோக்கி வளர்வது ஆகியவற்றை அடியோடு எடுங்கள், அதுவே போதும். மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சோ முட்டையோ உள்ள கூட்டைக் குலைப்பது 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஒட்டு மரம் என்பதால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தண்டின் அடியில் ஒரு புடைப்பு தெரியும், ஒட்டுக் கட்டிய இடம் அது. அதற்குக் கீழேயிருந்து துளிர்ப்பது எல்லாம் அடிமரமான மோனோகைனா. இலையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்: மேலே உள்ள 'கிரிம்சன் கிளவுட்' இலையில் வெட்டு லேசாக, விளிம்போடு நின்றுவிடும். அடித்துளிரின் இலையில் வெட்டு நடுநரம்பை நோக்கி ஆழமாகப் போகும். 'கேரியேரி' இலையிலோ வெட்டே இல்லை, ஓரத்தில் பற்கள் மட்டும்தான், அதில் இன்னும் எளிது. அடித்துளிர் பிஞ்சாக இருக்கும்போதே கையால் பிய்த்துவிடுங்கள். விட்டுவைத்தால் சில ஆண்டில் சிவப்பு மரத்தின் பாதி வெள்ளையாகப் பூக்கும்.

நோய்களில் அஞ்ச வேண்டியது தீக்கருகல் ஒன்றுதான். 1957-இல் கென்ட் பகுதியின் பேரி மரங்களில் முதலில் காணப்பட்டு, பிறகு பரவிய பாக்டீரியா நோய். பூங்கொத்து திடீரென்று பழுப்பாகும், கொழுந்து வளைந்து தீயில் காட்டியதுபோலத் தொங்கும், இலை உதிராமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். பட்டையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கறை. அந்தக் கறை முடிகிற இடத்துக்குக் கீழே, சிறு கிளையில் 30 சென்டிமீட்டரும் பெரிய கிளையில் 60 சென்டிமீட்டரும் தள்ளி வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியைக் கிருமிநாசினியில் துடையுங்கள். ஆப்பிளுக்கும் பேரிக்கும் இது பரவும். அக்கம்பக்கத்தில் பழமரம் உண்டென்றால் தாமதிக்காதீர்கள். ஆனால் வறட்சியிலும் பனியிலும் கொழுந்து கருகும், படத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது எனக்கே நிச்சயமில்லாத வேலை. அசுவினி, சாம்பல் நோய், துரு நோய், வலை கட்டும் புழு எல்லாம் வரும், போகும். மருந்தடிக்க வேண்டாம். உதிர்ந்த புள்ளி இலைகளை மட்டும் கூட்டி அள்ளிவிடுங்கள்.

பழம் பற்றி. நன்கு பழுத்த சதையை வேகவைத்து, கொட்டையை வடிகட்டிவிட்டு ஜெல்லி செய்வது இங்கே பழைய வழக்கம், அதில் தவறில்லை. கொட்டையை மெல்லக் கூடாது, ஆப்பிள் விதையில் உள்ளதுபோலச் சயனைடு உண்டாக்கும் பொருள் அதிலும் உண்டு. இதயத்துக்கு ஹாதோர்ன் கொடுப்பது ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கிறது, ஆனால் அதைச் சோதித்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக டிஜாக்சின் எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதன் தேநீரையோ மாத்திரையையோ தொடக் கூடாது. நான் மரம் வளர்ப்பவன், இதற்கு மேல் சொல்வது என் வேலையல்ல. என்னைக் கேட்டால் பழத்தைக் கிளையிலேயே விட்டுவிடுங்கள். இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் என்ற பூங்குருவிகளுக்குக் கடுங்குளிரில் அதுதான் சாப்பாடு.